சீசாவுக்குள்ள சூரியன், சொல்லும் எலும்பு, ஒரு தோத்துப்போன மந்திரவாதி

மந்திரவாதின்னா நம்ம மனசுல வர்ற உருவம் ரெண்டுதான். ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள்ள உயிரை ஒளிச்சு வச்சிருக்கற வில்லன் ஒண்ணு. வெள்ளைத் தாடி, நீளமான கோல், சரியான நேரத்துல வந்து ஹீரோவைக் காப்பாத்தற இங்கிலீஷ் தாத்தா இன்னொண்ணு. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு விஷயம் உண்டு. மந்திரம் போட்டா பலிக்கும்.

பலிக்காத ஆள் ஒருத்தனைப் பத்தித்தான் இந்தப் பதிவு. பேரு கேட்வீசில். பிரிட்டன்ல 1970, 1971 ரெண்டு வருஷமும் ஐடிவி சேனல்ல வந்த குழந்தைகள் தொடர். தயாரிப்பு லண்டன் வீக்எண்ட் டெலிவிஷன். சீசனுக்கு 13 பகுதி வீதம் மொத்தம் 26. எழுதினவர் ரிச்சர்ட் கார்ப்பெண்டர், அதுவரைக்கும் நடிகரா இருந்தவர். கேட்வீசிலா நடிச்சவர் ஜெஃப்ரி பேல்டன்.

கதை சிம்பிள். 11-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. அழுக்கு அங்கி, சிக்குத் தாடியோட ஒரு மந்திரவாதி. கூடவே டச்வுட்னு ஒரு தேரை, அடாம்காஸ்னு ஒரு மந்திரக் கத்தி. அவனோட வாழ்நாள் ஆசை பறக்கறது. நார்மன் சிப்பாய்கள் துரத்திக்கிட்டு வர்றாங்க. மந்திரத்தைச் சொல்லிக்கிட்டே தண்ணியில குதிக்கறான். பறக்கறதுக்குப் பதிலா காலத்தைத் தாண்டி 1969-ல ஒரு பண்ணைக்குப் பக்கத்துல எழுந்திருக்கறான். அங்க செம்பட்டை முடிக்காரப் பையன் ஒருத்தன். முடிக்கேத்த மாதிரி பட்டப்பேரு கேரட். அம்மா இல்லாத பிள்ளை, அப்பாவோட ஹெக்ஸ்வுட் பண்ணையில இருக்கான். இந்த ரெண்டு பேரோட சிநேகிதம்தான் முதல் சீசன்.

இந்தத் தொடரைப் பத்தி யார் எழுதினாலும் ஒரே மாதிரிதான் எழுதறாங்க. "அந்தக்காலத்து ஜாலியான சீரியல், பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்த கதை, லைட்டைப் பார்த்து அலறுவான், டிராக்டரைப் பார்த்து ஓடுவான், நல்லா சிரிக்கலாம்". எனக்கு இதுல உடன்பாடு இல்லை. சிரிப்பு வருதுதான், இல்லைங்கல. ஆனா அந்தச் சிரிப்பு அவனைப் பார்த்து வருதுன்னு நினைச்சா பாதித் தொடரைத்தான் பார்த்திருக்கோம்னு அர்த்தம்.

முதல் பகுதியோட பேரையே எடுத்துக்கோங்க. தமிழ்ல சொன்னா "சீசாவுக்குள் சூரியன்". கேரட் ஸ்விட்சைத் தட்டறான், பல்ப் எரியுது. கண்ணாடிக் குப்பியில சூரியனைப் பிடிச்சு அடைச்சு வச்சிருக்கான் இந்தப் பொடியன்னு கிழவன் மிரண்டு போறான். நாம சிரிக்கறோம். சரி, சிரிச்சு முடிச்சாச்சா? இப்ப 11-ஆம் நூற்றாண்டு ஆளுக்கு அந்த பல்ப் எப்படி எரியுதுன்னு நீங்க சொல்லுங்க பார்ப்போம். "அது கரண்டு" அப்படின்னு சொல்லாதீங்க. அது பேரு, விளக்கம் இல்லை. கேரட்டும் அதைத்தான் சொல்றான், பாவம், அவனுக்கும் அதுக்கு மேல தெரியாது. எலெக்ட்ரிசிட்டின்னு சொல்றான். கிழவன் காதுல அது "எலெக்-ட்ரிக்கரி"ன்னு விழுது. ட்ரிக்கரின்னா ஏமாத்து வேலை, கண்கட்டு வித்தை. தமிழ்ல கொண்டு வரணும்னா மின்சாரத்தை "மின்சாலம்"னு கேட்ட மாதிரி வச்சுக்கலாம். சாலம்னா ஜாலம். அங்கிருந்து கடைசி வரைக்கும் எல்லா மின்சார சாமானும் அவனுக்கு அந்த எலெக்-ட்ரிக்கரிதான்.

இன்னொரு வேடிக்கை பாருங்க. குண்டு பல்புக்குள்ள இருக்கறது டங்ஸ்டன் இழை. அது ஏறக்குறைய 2,500 டிகிரி செல்சியஸ் சூடாகறதாலதான் வெளிச்சம் வருது. இழை எரிஞ்சு போகாம இருக்கத்தான் உள்ளே காத்தை எடுத்துட்டு மந்த வாயு அடைச்ச அந்தக் கண்ணாடிக் குப்பி. சூரியனோட மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி. அதுவும் சூட்டினாலதான் ஒளிருது. ஆக, "சீசாவுக்குள் சூரியன்"ங்கறது உளறல் இல்லை, கிட்டத்தட்ட சரியான இயற்பியல்! கேரட் சொன்ன பதிலைவிட கிழவன் சொன்னது உண்மைக்குப் பக்கத்துல இருக்கு. (எல்இடி பல்பைக் காட்டினா நம்மாளு தோத்துடுவான், அது சூட்டுல ஒளிர்ற சமாச்சாரம் இல்லை.)

அடுத்தது டெலிபோன். அவன் வாயில அது "டெல்லிங் போன்", அதாவது சொல்லும் எலும்பு. இதைத் தமிழ்ல எழுத உட்கார்ந்தப்பதான் ஒண்ணு கவனிச்சேன். இங்கிலீஷ்ல பேசற போனும் எலும்புங்கற போனும் வேற வேற எழுத்து, வேற வேற உச்சரிப்பு. ஆய்தம் போடாம நாம சாதாரணமா எழுதற தமிழ்ல ரெண்டுமே "போன்"தான். கிழவனோட காது செஞ்ச வேலையை நம்ம எழுத்து ரொம்ப நாளா சத்தமில்லாம செஞ்சுகிட்டிருக்கு :-) நாம தொலைபேசியைத் "தொல்லைபேசி"ன்னு கிண்டல் பண்ணினோமே, அது பில் கட்டிக் கட்டி நொந்து போனவன் அடிச்ச ஜோக். இது அப்படி இல்லை. அந்தக் காலத்து ரிசீவரை நினைச்சுப் பாருங்க. ரெண்டு முனையிலயும் உருண்டை, நடுவுல கைப்பிடி. தொடை எலும்பு மாதிரியேதான் இருக்கும். ஒரு மந்திரவாதி எலும்பை வச்சுத்தான் தூரத்துல இருக்கறவனோட பேசுவான்னு அவன் நினைச்சதுல என்ன தப்பு? கண்ணால பார்த்ததையும் காதால கேட்டதையும் சேர்த்து, தனக்குத் தெரிஞ்ச அறிவை வச்சு ஒரு முடிவுக்கு வர்றான். முட்டாள் செய்யற வேலையா இது?

பயப்படறான், ஆனா ஆராயறான். அதுதான் விஷயம். நாம பயப்படறதும் இல்லை, ஆராயறதும் இல்லை. ஸ்விட்சைத் தட்டறோம், எரியலைன்னா ஈபி ஆபீசைத் திட்டறோம்.

இனிமே சொல்லப் போறதுதான் இந்தத் தொடரை எனக்கு முக்கியமாக்கினது.

கிழவன் கேரட்டைப் பெரிய மந்திரவாதின்னு நம்பறான். சூரியனைக் குப்பியில அடைச்சவன் சும்மாவா? ஒரு பையனோட கையில ஒரு வளர்ந்த மனுஷன் முழுசா மாட்டியிருக்கான். சொந்தம் இல்லை, ஊர் இல்லை, மொழி பாதி புரியலை, சாப்பாட்டுக்கு வழி இல்லை. அந்தப் பையன் நினைச்சிருந்தா என்ன வேணா செஞ்சிருக்கலாம். வேலை வாங்கியிருக்கலாம், ஸ்கூல் பசங்களைக் கூட்டிட்டு வந்து வேடிக்கை காட்டியிருக்கலாம், பேப்பர்காரனுக்குச் சொல்லிக் காசு பார்த்திருக்கலாம். குழந்தைகள் கதைகள்ல பெரியவங்க குழந்தைகள் மேல அதிகாரம் பண்ற கதை எக்கச்சக்கம். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் மேல அதிகாரம் வந்தா அது என்ன பண்ணும்னு கேட்ட கதை ரொம்பக் குறைச்சல்.

கேரட் அவனை ஒளிச்சு வைக்கறான். சோறு திருடிக் கொண்டு போறான். அப்பாகிட்டயும் பண்ணையாள் சாம்கிட்டயும் பொய் சொல்றான், மாட்டிக்கிட்டு முழிக்கறான். இத்தனைக்கும் கிழவன் நன்றியுள்ள ஆளும் கிடையாது. கோழை, திருடன், வீம்பு பிடிச்சவன், எதுக்கெடுத்தாலும் கோச்சுக்கறவன். குளிக்கவும் மாட்டான். கார்ப்பெண்டர் இந்த இடத்துல கொஞ்சம்கூட இளகலை, அதுக்காகவே அவருக்கு ஒரு சலாம். பாதிக்கப்பட்டவன்னா பவ்யமா இருக்கணும், அப்பத்தான் உதவி பண்ணுவோம்னு நமக்கெல்லாம் ஒரு எதிர்பார்ப்பு இருக்கில்ல? கேட்வீசில் பவ்யமா இருக்க மாட்டான். நாறிக்கிட்டு, முறைச்சுக்கிட்டு, "நீ என்ன பெரிய இவனா" தோரணையிலதான் இருப்பான். அவனுக்குத்தான் அந்தப் பையன் சோறு கொண்டு போறான்.

ஸ்பீல்பெர்க்கோட ஈ.டி. படத்துலயும் இதே அமைப்புதான், வீட்டுக்குத் தெரியாம ஒரு பையன் ஒருத்தனை ஒளிச்சு வைக்கறது. அது வந்தது 1982. அதுல அந்தச் சின்ன உருவத்தைப் பார்த்தாலே யாருக்கும் பாசம் வந்துடும், அப்படித்தான் அதைப் படைச்சிருக்காங்க. கேட்வீசிலைப் பார்த்தா முதல்ல மூக்கைத்தான் பொத்துவோம். எது கஷ்டமான அன்புன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

நார்மன்களுக்கு வருவோம். 1066-ல ஹேஸ்டிங்ஸ் போர்ல ஜெயிச்சு நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தைப் பிடிச்சார். அதுக்கப்புறம் நிலம், சர்ச், கோர்ட்டு எல்லாம் கைமாறிச்சு. மேல்தட்டு பேசற மொழியே பிரெஞ்சாச்சு. அப்படிக் கைமாறின நாட்டுல தோத்த பக்கத்து ஆளுதான் இந்தக் கிழவன். ஓடி ஒளிஞ்சவன். தொடர்ல இதுக்கு ஒதுக்கின நேரம் ரொம்பக் கம்மி, குழந்தைகளுக்கான காமெடிதானேன்னு நீங்க சொல்லலாம். ஆனா இதே கார்ப்பெண்டர் 1984-ல ராபின் ஆஃப் ஷெர்வுட்னு ஒரு தொடர் எழுதினார். அங்கயும் நார்மன்-சாக்சன் பகைதான் அடித்தளம். காட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கறவங்க, பழைய தெய்வங்களோட மந்திரம், கோட்டைக்குள்ள இருக்கற புது முதலாளிகள். 14 வருஷம் கழிச்சும் அதே இடத்துக்குத் திரும்பப் போறார்னா கேட்வீசிலைத் துரத்தினவங்க நார்மன்களா இருந்தது சும்மா ஒரு தற்செயல்னு என்னால ஒதுக்கிட முடியலை.

அவன் எங்க குடியிருக்கான்னு பாருங்க. முதல் சீசன்ல யாரும் உபயோகிக்காம விட்டுட்ட ஒரு பழைய தண்ணி டேங்க் கோபுரம். அதுக்கு அவன் வச்ச பேரு சபூராக் கோட்டை. ரெண்டாவது சீசன்ல ரயில் வராம மூடிப்போன ஒரு குட்டி ஸ்டேஷன், பேரு டக் ஹால்ட். பிரிட்டன்ல 1963-ல பீச்சிங் அறிக்கைன்னு ஒண்ணு வந்து, நஷ்டம்னு சொல்லி ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களை மூடச் சொல்லிச்சு. அந்தப் பத்தாண்டுல நிறைய ஊர்களுக்கு ரயிலே நின்னு போச்சு. அன்னிக்கு டிவி பார்த்துக்கிட்டிருந்த குழந்தைகளுக்கு மூடின ஸ்டேஷன்ங்கறது கற்பனை இல்லை, பக்கத்து ஊர்ல இருக்கற நிஜம். தொள்ளாயிரம் வருஷம் தாண்டி வந்தவனுக்குத் தங்க இடம் கிடைச்சது இந்தப் புது உலகம் வேண்டாம்னு தூக்கிப் போட்டதுலதான். இவன் மட்டும் பழசாகலை, ரயிலும் பழசாகிடுச்சு, தண்ணி டேங்க்கும் பழசாகிடுச்சு. வசனமே இல்லாம இதைச் சொல்லியிருக்காங்க.

முதல் சீசனைப் படம் பிடிச்சது சர்ரே பக்கம் ஈஸ்ட் கிளாண்டன் கிராமத்துல ஒரு நிஜப் பண்ணையில. சேறு, வைக்கோல், ஒழுகற கொட்டகை எல்லாம் அசல். அதுதான் அதோட பலம்னு நினைக்கறேன்.

ரெண்டாவது சீசன் எனக்கு ஒரு மாத்து கம்மிதான். இதுக்கு எத்தனை பேர் சண்டைக்கு வரப்போறீங்களோ தெரியாது. கேரட் போயாச்சு. இப்ப செட்ரிக்னு ஒரு பிரபு வீட்டுப் பையன், பெரிய மாளிகை, வேலைக்காரங்க. அந்தப் பையனா நடிச்ச கேரி வாரன், 1970-ல வந்த தி ரயில்வே சில்ட்ரன் படத்துல பீட்டரா வந்த அதே பையன்தான். (ரயிலுக்குக் கையசைச்ச பிள்ளையை ரயில் வராத ஸ்டேஷனுக்குக் கொண்டு வந்து விட்டாங்க.) கேட்வீசில் பறக்கணும்னா 12 ராசியோட சின்னங்களையும், அப்புறம் 13-ஆவதா ஒரு மர்மச் சின்னத்தையும் தேடிப் பிடிக்கணும். வாரத்துக்கு ஒரு ராசின்னு கதை ஓடுது. இங்கதான் பிரச்சனையே. முதல் சீசன்ல அவனுக்கு இருந்த வேலை உயிரோட இருக்கறது. இங்க அவனுக்கு ஒரு லிஸ்ட். லிஸ்ட் வந்தாச்சுன்னா அடுத்த வாரம் என்ன நடக்கும்னு குழந்தைக்குக்கூடத் தெரிஞ்சுடும். அதோட பணக்கார வீட்டுல ஒருத்தனுக்கு ரெண்டு ரொட்டி எடுத்துக் கொடுக்கறது பெரிய விஷயமா என்ன? கேரட் கொடுத்தப்ப அதுக்கு வேற எடை இருந்தது. "ஒரே ஜோக்கை 26 தடவை சொல்ற தொடர்"னு ஒரு குற்றச்சாட்டு உண்டு. முதல் 13-க்கு அது பொருந்தாது, பின்னாடி 13-ல சில இடங்கள்ல பொருந்தும்.

ஆனா அந்த சீசனோட முடிவு இருக்கே, அதுக்காக எல்லாத்தையும் மன்னிச்சுடலாம். கிழவன் கடைசியா பறந்துடறான். எதுல? ஜெட்டுல இல்லை, ஹெலிகாப்டர்ல இல்லை. பலூன்ல! அவன் வந்து இறங்கின 1969-ல மனுஷன் நிலாவுல கால் வச்சாச்சு. 20-ஆம் நூற்றாண்டு மொத்தமும் அவன் கண்ணு முன்னாடி கடை விரிச்சிருந்தது. கடைசியில அவனைத் தூக்கினது 1783-ல பிரான்ஸ்ல கண்டுபிடிச்ச ஒரு பை. எலெக்-ட்ரிக்கரி துளிகூடக் கிடையாது. அவனோட காலத்து ஆள் ஒருத்தன் பார்த்தாலும் "அட, துணி, கூடை, கயிறு"ன்னு புரிஞ்சுக்கக்கூடிய சாமான். இதைப் பார்த்தப்போ எனக்குக் கார்ப்பெண்டர் மேல மரியாதை இன்னும் கூடிச்சு.

ஜெஃப்ரி பேல்டனைப் பத்திச் சொல்லாம விட்டா பாவம் வந்து சேரும். தொடர் வந்தப்போ அவருக்கு 46 வயசுதான். முதுகை வளைச்சு, கண்ணை உருட்டி, நாக்கால ஒரு "டிச்" சத்தம் போட்டு, பாம்பு மாதிரி சீறி, அந்த மனுஷன் ஒரு கிழட்டு மிருகமாவே மாறியிருப்பார். டாக்டர் ஹூ தொடர்ல முதல் டாக்டர் வேஷம் தன்னைத் தேடி வந்ததாகவும் மறுத்துட்டதாகவும் அவரே சொல்லியிருக்கார். பிறகு 1979-ல அதே தொடர்ல ஒரு ஜோசியரா வந்தார். டு சர் வித் லவ் படத்துல சிட்னி பாய்ட்டியரோட ஸ்டாஃப் ரூம்ல உட்கார்ந்து நக்கல் அடிக்கிற வாத்தியார் இவர்தான். அந்த முகத்தைப் பார்த்துட்டு கேட்வீசிலைப் பாருங்க, சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டீங்க. மந்திரம் பலிக்காதப்போ அவர் குரல்ல வர்ற அந்தப் புலம்பல் இருக்கே, அதுல காமெடி பாதிதான். மீதிப் பாதி, தனக்குத் தெரிஞ்ச ஒரே தொழிலும் கைவிட்ட ஒருத்தனோட அழுகை. ஒவ்வொரு தடவையும் அவர் அதை நிஜமாவே நம்பி அழறார். அதனாலதான் நமக்குச் சிரிப்பு வருது, அதனாலதான் அந்தச் சிரிப்பு கொஞ்சம் உறுத்தவும் செய்யுது.

பேல்டன் 2017-ல, 93 வயசுல போய்ச் சேர்ந்தார். கார்ப்பெண்டர் 2012-ல. கேரட்டா நடிச்ச ராபின் டேவிஸ் அவங்களுக்கெல்லாம் முன்னாடியே 2010-ல போயிட்டார், 56 வயசு. அந்தச் செம்பட்டைத் தலைப் பையன் முதல்ல போவான்னு யார் நினைச்சா.

ஜெர்மனியில இந்தத் தொடருக்கு இன்னிக்கும் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. 1974-ல அங்க ஒளிபரப்பாச்சு. அங்கத்த பிரபல காமெடியன் ஓட்டோ வால்கெஸ் நடிச்சு 2021-ல இதை சினிமாவாவே எடுத்துட்டாங்க. மறுபடி எடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லலை. ஆனா ஒரு சந்தேகம் இருக்கு. பெரிய ஸ்டார் ஒருத்தரைக் கேட்வீசிலாப் போட்டா நாம பார்க்கறது அந்த ஸ்டாரைத்தான். பேல்டன் ஒளிஞ்சுக்கிட்டு நடிச்சார், அங்கிக்குள்ள நடிகரே காணாமப் போயிட்டார். அப்புறம் இன்னொண்ணு. 1970-ல கேரட்டுக்கு ஒரு நன்மை இருந்தது. யார் பாக்கெட்லயும் கேமரா கிடையாது. இன்னிக்கு ஒரு பையன் மாட்டுக் கொட்டகையில ஒரு அழுக்குக் கிழவனைக் கண்டுபிடிச்சா முதல்ல என்ன பண்ணுவான்? பல்பைப் பார்த்து ஒரு பெரியவர் அலற்றது எத்தனை லட்சம் வியூ போகும்? அந்த இடத்தை நேர்மையா எழுதத் துணிஞ்சவங்க யாராவது மறுபடி எடுத்தா, முதல் ஆளா நான் பார்ப்பேன்.

பி.கு: புதுசா பார்க்க நினைக்கறவங்க முதல் சீசனோட முதல் பகுதியில இருந்தே ஆரம்பிங்க. நடுவுல இருந்து பார்த்தா வெறும் காமெடியாத்தான் தெரியும். முதல் நாலு பகுதிக்குள்ள பிடிக்கலைன்னா விட்டுடுங்க, உங்க மேல கோபம் இல்லை. வீட்டுல பத்து வயசுக்குக் கீழே வாண்டுகள் இருந்தா பக்கத்துல உட்கார வச்சுக்கோங்க. பல்ப் எப்படி எரியுதுன்னு கேட்பாங்க. பதிலை முன்கூட்டியே தயார் பண்ணிக்கோங்க, "அது கரண்டு"ன்னு தப்பிக்கக் கூடாது. பின்னூட்டத்துல ரெண்டாவது சீசன் கட்சிக்காரங்களுக்கும் இடம் உண்டு, தேரையை மட்டும் எடுத்துட்டு வராதீங்க.